கையுறையா, கடைப்பொருளா?

சுறவம் (தை) பிறக்க இன்னும் இருபது நாள் இருக்கும்போதே, நகர்ப்புறக் கடைகள் நமக்காகப் பொங்கல் கொண்டாடத் தொடங்கிவிடுகின்றன. துணிக்கடை அழைக்கின்றது, ஏனக்கடை அழைக்கின்றது, செல்பேசிக்குள்ளிருந்தும் ஒரு கடை அழைக்கின்றது. உடன்பிறந்தாளுக்கு என்ன கொடுக்கலாம் என்று நாம் எண்ணிப் பார்க்குமுன்பே, என்ன கொடுத்தாக வேண்டும் என்பதைப் படமும் விலையும் போட்டுக் காட்டிவிடுகின்றனர். நாம் செய்ய வேண்டியதெல்லாம் விரலால் ஒரு தட்டுத் தட்டுவதே. பொருள் போய்ச் சேர்ந்துவிடும். நாம் போக வேண்டுவதில்லை. அப்பொருளைக் கையால் தொடவும் வேண்டுவதில்லை. கொடுப்பவன் கண்ணாற் காணாத ஒன்று, கொடுப்பவனைக் காணாத ஒருவர் கைக்குப் போய்ச் சேர்கின்றது. இதற்குப் பொங்கற் பரிசு என்று பெயர்!

பிறரைக் குறை சொல்லுதற்கு இதை எழுதவில்லை. பதினோராண்டுக் காலம் நானே அவ்வாறுதான் செய்தேன்.

என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் தொலைவிலுள்ளது. எங்கள் அம்மா இருந்தவரை, பொருநைக் கரையிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து அவளுக்குப் பொங்கற்படி ஓலைப்பெட்டியிற் போகும். அரிசி, வெல்லம், மஞ்சட்கொத்து, பனங்கிழங்குக் கட்டு, அம்மா இடித்துப் பிடித்த எள்ளுருண்டை, தோளிற் சாய்த்த கரும்பு ஆகிய இவ்வளவையும் சுமந்துகொண்டு நான் பேருந்தேறுவேன். பேருந்தில் கரும்பு எவர் கண்ணையாவது குத்திவிடுமோ என்னும் அச்சத்திலேயே வழி கழியும். அம்மா மறைந்தபின் அந்தச் சுமை எனக்குப் பெருந்தொல்லையாகத் தோன்றிற்று. கடையிலிருந்தே நேராக விடுக்கும் முறை வந்ததும், பெரிய விடுதலை பெற்றவன் போல் மகிழ்ந்தேன். ஆண்டுதோறும் ஒரு பெட்டி அவள் வீட்டு வாயிலில் இறங்கும். 'வந்து சேர்ந்தது, அண்ணே' என்று தொலைபேசியிற் சொல்வாள். அத்தோடு என் கடமை முடிந்தது.

ஈராண்டுக்கு முன் வேறொரு வேலையாக அவ்வூருக்குப் போனவன், அவள் வீட்டிலே தங்கினேன். பரணிலிருந்து பெரிய அண்டாவை இறக்கித் தருமாறு கேட்டாள். ஏறிப் பார்த்தால், நான் விடுத்த பெட்டிகள் அங்கே அடுக்கியிருக்கின்றன. ஏழு பெட்டிகள், ஒட்டிய தாள் கூடக் கிழிக்கப்படவில்லை. 'எவருக்காவது கொடுக்க ஆகுமே என்று எடுத்து வைத்திருக்கிறேன், அண்ணே' என்றாள். சொன்ன பிறகே சொன்னது என்னவென்று உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் பேசவில்லை, என்ன பேசுவது? மற்றை நான்கும் அவ்வாறே வேறு வீட்டுக்குப் போயிருக்கும். அங்கும் ஒரு பரண் இருக்கத்தானே செய்யும்!

அன்றிரவு அவள் அடுக்களையிலே உண்ணும்போதுதான் அதைக் கண்டேன். அடுப்புக்கு மேலே ஆணியில் ஓர் ஓலைப்பெட்டி தொங்கியது. புகையேறிக் கருத்துப்போய், அடி தேய்ந்து, தேய்ந்த இடத்தில் துணி வைத்துத் தைக்கப்பட்டு, உள்ளே பூண்டும் காய்ந்த மிளகாயுமாக இருந்தது. அம்மா முடைந்த பெட்டி. அவள் திருமணமான முதற்பொங்கலுக்குப் போனது. இருபத்து நான்கு ஆண்டுகள்!

கடையிற் பொருள் வாங்கிக் கொடுப்பதே தவறு என்று நான் கூறவில்லை. எனினும், பரிசு என்பது எது, பண்டம் என்பது எது என்னும் வேறுபாடு அன்றிரவுதான் எனக்குப் புலப்பட்டது. தமிழனுக்கு இது புதிதாகப் புலப்பட வேண்டிய ஒன்றன்று என்பதே வெட்கக்கேடு. கழகப் புலவர் பெருஞ்சித்திரனார், மலையும் குன்றும் பல கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார். அவனோ அவரை நேரிற் காணாமலே, 'இதைக் கொண்டு செல்க' என்று பரிசில் கொடுத்துவிட்டான். வறுமையிலே வாடிய அப்புலவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. தம்மைப் பாராமற் கொடுத்த பொருளைப் பெற்றுப் போவதற்குத் தாம் வாணிகர் அல்லர் என்றும், தம் தகுதியறிந்து பேணிக் கொடுத்தால் தினையளவேயாயினும் அஃது இனியது என்றும் பாடினார். புறநானூற்றின் 208-ஆம் பாட்டு இது. தகடூரை ஆண்ட வள்ளலின் பரிசிலுக்கே அந்நிலை என்றால், நாம் விரலால் தட்டி விடுக்கும் பெட்டி எம்மாத்திரம்? பெருஞ்சித்திரனார்க்கு இருந்த துணிவு என் தங்கைக்கு இல்லை. ஆகையால் பரணில் வைத்தாள்.

கொடுப்பவன் வாங்குபவரை நினைந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இன்னொரு பாட்டும் அந்நூலிலேயே உண்டு. சமைத்த கீரைமேல் இடுவதற்குச் சிறிது அரிசி கேட்டார் ஔவையார்; நாஞ்சில் வள்ளுவனோ தன் பெருமையை நோக்கி யானையைக் கொடுத்தான். இப்படியும் தெளிவில்லாத கொடை உண்டோ என்று ஔவையார் வியக்கின்றார் (புறம் 140). அது பழிப்பதுபோற் புகழ்ந்தது. ஆனால், இரண்டு பேர் மட்டும் வாழும் வீட்டுக்கு இருபது பேர்க்குச் சமைக்கும் மின்கலத்தை வாங்கி விடுக்கும் நம்மவரை எப்படிப் புகழ்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி, 'கையுறை' என்னும் சொல்லைப் பாருங்கள். இன்று அச்சொல்லைக் கேட்டால், மருத்துவர் கையில் மாட்டிக்கொள்ளும் உறையே நினைவுக்கு வருகின்றது. அதில் தவறில்லை, நல்ல தமிழாக்கமே. ஆயினும் பழந்தமிழில் கையுறை என்பது, ஒருவரைக் காணச் செல்வோர் கையிற் கொண்டுசெல்லும் அன்பளிப்பு. தலைவன் தலைவிக்குத் தழையும் கண்ணியும் கொணர்வான், அது கையுறை. தோழி அதை ஏற்பதும் உண்டு, மறுப்பதும் உண்டு. குறுந்தொகையின் முதற்பாட்டே கையுறை மறுக்கும் பாட்டுத்தான். எங்கள் மலையிலேயே செங்காந்தள் நிறைந்திருக்கின்றது என்று தோழி சொல்லிவிடுகின்றாள். கடையிற் பெற்ற பொன்னையும் பட்டையும் அன்று. காட்டிற் பறித்துத் தன் கையால் தொடுத்த தழையையே அவன் கொண்டுவந்தான் என்பதை நோக்குக. அச்சொல்லிலேயே கை இருக்கின்றது. கையை விலக்கிவிட்டு, உறையை மட்டும் நாம் விடுத்துக்கொண்டிருக்கின்றோம்.

ஆகவே போன பொங்கலுக்கு, வீட்டிலேயே செய்து கொடுப்பது என்று முடிவு செய்தோம். 'செய்தோம்' என்று எழுதுவது எளிது. நான் இம்முடிவை உணவு வேளையில் அறிவித்தபோது என் மனைவி கேட்டது இது: 'கையாற் செய்க என்று சொல்வது நீங்கள், செய்யும் கை எவருடையது?'

இவ்வினாவை நம் இயக்கத்தார் பலரும் தங்கள் வீட்டில் எதிர்கொள்ள வேண்டும். எள்ளை வறுப்பது, இடிப்பது, உருட்டுவது, ஏனம் கழுவுவது ஆகிய எல்லாம் பெண்டிர் தலையில் விழ, ஆண்மகன் நாற்காலியில் அமர்ந்து பண்பாட்டைப் பற்றிப் பேசுவதானால், கடைப்பொருளே மேல் என்பேன்; அதிலேனும் எவருடைய இடுப்பும் ஒடிவதில்லை. எங்கள் வீட்டில் வேலையைப் பிரித்தோம். பொருள்விளங்கா உருண்டைக்கு வறுப்பதும் பாகு காய்ச்சுவதும் அவள் பொறுப்பு. திரிப்பதும், சூடு ஆறுமுன் உருட்டுவதும் என் பொறுப்பு. (எள்ளுருண்டையும் அதிரசமும் விரும்பினோம். எனினும் தொலைவூர் போகும் பண்டம் பல நாள் தாங்க வேண்டும். அதற்கு வறுத்த அரிசியும் பயறும் சுக்கும் வெல்லமும் சேர்ந்த இந்த உருண்டையை வெல்வது வேறில்லை. பல்லுக்குத்தான் சற்று வேலை.) சுடுபாகில் உருண்டை பிடிப்பது எத்தகைய வேலை என்பதை ஐம்பது அகவைக்குமேல் என் உள்ளங்கை கற்றுக்கொண்டது.

அகப்பையும் நானே செய்தேன். பொங்கலன்று புதுப்பானைக்குப் புது அகப்பை என்பது நம் பழவழக்கம். கண்ணில்லாத பாதிச் சிரட்டையை எடுத்து, உடைந்த கண்ணாடித் துண்டால் நாரும் தும்பும் போகச் சுரண்டி, எதிரெதிரே இரண்டு துளையிட்டு, மூங்கிற் காம்பைச் செருக வேண்டும். சொல்லும்போது மூன்று வரி; செய்யும்போது மூன்று சிரட்டை பிளந்தது. நான்காவதே தேறியது. துளையைப் பெரிதாக்கிக் காம்பை எளிதாக நுழைப்பதன்று. காம்பை மெல்லச் சீவிச் சீவி, துளைக்குள் இறுகப் பொருந்தச் செய்வதே முறை என்பது மூன்று சிரட்டைக்குப் பிறகு விளங்கிற்று.

பெட்டிதான் பெரும்பாடு. அம்மாவின் கையோடு அக்கலை எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது. அடுத்த தெருவில், ஓலை முடைந்தே பிழைக்கும் மூதாட்டி ஒருவரிடம் மகளையும் மகனையும் அழைத்துக்கொண்டு போனேன். நான் கொண்டுபோன ஓலையைத் தொட்டுப் பார்த்ததுமே ஒதுக்கிவிட்டார். அது முற்றிய ஓலை. பெட்டிக்குக் குருத்தோலை வேண்டும். அதையும் ஒரே மரத்தில் மொட்டையடித்தாற்போல் வெட்டிவிடக் கூடாது. வெயிலிற் காயவைத்து வெளுத்தபின், ஈர்க்கைக் கிழித்தெடுத்து, ஒரே அகலத்திற் கீற வேண்டும். முடையுமுன் நீர் தெளித்து ஈரத்துணியிற் சுற்றி வைக்க வேண்டும். இல்லையேல் வளைக்கும் இடத்தில் முறியும். அடியை முடைந்து, நான்கு மூலையும் மடக்கிச் சுவர் எழுப்பி, விளிம்பை மட்டை நாரால் பொத்தி முடிக்க வேண்டும். என் மகள் கீறிய ஓலை ஒன்று விரலகலம், மற்றொன்று அரை விரல். ஆகவே பெட்டி ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து, காற்றில் சாய்ந்த குடிசை போல் நின்றது. மூதாட்டி அதை நெடுநேரம் திருப்பிப் பார்த்துவிட்டு, 'சாமான் நிற்கும். நீ நிற்கமாட்டாய் போலிருக்கிறதே' என்று மகளைப் பார்த்துச் சிரித்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் திண்ணையிற் கழிந்தன. நான்காவது பெட்டியைத்தான் தங்கைக்கு விடுத்தோம். அதுவும் நேராக நின்றது என்று சொல்வதற்கில்லை.

அந்தத் திண்ணையில் எனக்கு வேறோர் ஊதியமும் கிடைத்தது. குருத்து, ஈர்க்கு, மட்டை, கருக்கு, நார், பாளை, பன்னாடை என்று பனையின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவரிடம் சொல் இருந்தது. பெட்டி, கடகம், கொட்டான், சுளகு என்று வடிவுக்கு வடிவு பெயர் இருந்தது. முடைதல் வேறு, பின்னுதல் வேறு, பொத்துதல் வேறு. இவற்றில் பாதியை நான் அகரமுதலியிற் படித்தவன். அவர் கையில் வைத்திருப்பவர். முப்பது ஆண்டுகளாகத் தூயதமிழ்ச் சொற்களை எழுதியும் பேசியும் வரும் நான், எழுத்தறியாத அம்மூதாட்டி முன் மாணவனாக உட்கார்ந்திருந்தேன். தமிழ்ச்சொல்லைக் காக்க நாம் மேடை போடுகின்றோம்; ஏடு நடத்துகின்றோம்; வேண்டியவையே. ஆனால், சுளகு வீட்டில் இல்லாதபோது 'சுளகு' என்னும் சொல்லை எந்த ஏடு எவ்வளவு காலம் காக்கும்? என் மகனுக்கு 'ஈர்க்கு' என்னும் சொல்லை நான் எத்தனையோ முறை சொல்லியிருப்பேன், பதியவில்லை. அது விரலிற் குத்திய அன்று பதிந்தது.

கையாற் செய்தால், முடைந்து விற்பவர் பிழைப்பு என்னாவது என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஞாயமான கேள்வியே. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019-ஆம் ஆண்டு முதல் தடை வந்தபின், ஓலைக் கொட்டானுக்கும் பெட்டிக்கும் சிறிது வாழ்வு திரும்பியிருக்கின்றது. அதை நாம் கெடுத்துவிடலாகாது. ஆனால் என் பட்டறிவு இதற்கு மாறாக உள்ளது. பெட்டி முடையக் கற்குமுன், சந்தையில் ஓலைப்பெட்டிக்குப் பத்து உருபா குறைத்துக் கேட்டவன் நான். இப்போது என் நா எழுவதில்லை. ஒரு நாள் முழுதும் குனிந்திருந்தால் மூடியோடு கூடிய பெட்டி இரண்டோ மூன்றோ முடியும் என்பதை என் கழுத்து அறியும். இவ்வாண்டு மற்ற உறவினர்க்கெல்லாம் அவரிடமே பெட்டி வாங்கினோம். ஒன்று மட்டுமே எங்கள் கைப்பட்டது. செய்து பார்த்தவனே செய்பவர்க்கு நல்ல விலை கொடுப்பான்.

வாழ்த்து மடலையும் சொல்ல வேண்டும். செல்பேசி வருமுன், பொங்கல் நெருங்கினால் அஞ்சற்காரர் பை நிறைய வாழ்த்து அட்டைகள் வரும். காசில்லாத பிள்ளைகள் வெள்ளைத் தாளில் பானையும் கரும்பும் கதிரவனும் தாங்களே வரைந்து விடுப்பர். இன்று ஒரே படம் இருநூறு பேர்க்கு ஒரு நொடியிற் போகின்றது. அதே படம் அவர்களிடமிருந்து நமக்கே திரும்பியும் வருகின்றது. என் இளைய மகன் அத்தைக்கு ஒரு மடல் வரைந்தான். வீட்டைவிடப் பெரிய காளை. அதன் கொம்பிற் பலூன். கீழே தடித்த எழுத்தில் 'பொங்கள் வாழ்த்து' என்று எழுதிவிட்டான். லகரம் இருக்க வேண்டிய இடத்தில் ளகரம்! என் வீட்டிலிருந்து அப்படியொரு மடல் போவதா? எழுதுகோலை எடுத்துவிட்டேன். என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். 'அவனுக்குப் பிறகு சொல்லிக்கொடுங்கள். மடலில் கைவைக்காதீர்கள்' என்றாள். அரை நாள் உள்ளுக்குள் போராடி, அப்படியே உறையிலிட்டேன். பிழையோடு நான் அறிந்தே விடுத்த மடல் என் வாழ்நாளில் அஃதொன்றுதான். இரண்டு சுழிக்கும் உள்ள வேறுபாட்டை மறுநாளே அவனுக்குக் கற்பித்துவிட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றேன். மடல் இப்போது என் தங்கை வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கின்றது.

ஒன்றை மறைக்காமற் கூற வேண்டும். மூத்த மகளின் தலைப்பொங்கல் மூவாண்டுக்கு முன் வந்தது. அன்று நான் ஓலைப்பெட்டி விடுக்கவில்லை. வெண்கலப் பானையும் பித்தளைக் குடமும் பட்டும் விடுத்தேன். அவளைக் கொண்ட வீட்டார் நல்லவர், எதையும் கேட்டவரல்லர். ஆயினும், அக்கம்பக்கத்தார் வந்து எண்ணிப் பார்ப்பார்களே, மகள் தலைகுனிய நேருமே என்று அஞ்சினேன். கடன்பட்டுச் செய்தேன். சீர் என்னும் நல்ல சொல்லை எடைக்கல்லாக்கி, பெண்ணைப் பெற்றவன் கழுத்தில் கட்டிவிட்டது நம் குமுகாயம். எத்தனை படி, எத்தனை குடம், எவ்வளவு விலை என்று எண்ணுகின்றவர் வாயை அடைக்க நான் அறிந்தவரை ஒரே வழிதான் உண்டு: விலை சொல்ல முடியாத பொருளைக் கொடுப்பது. கோணற்பெட்டியை எப்படி விலைபேசுவார்? ஆனால், அதைத் தலைப்பொங்கலில் தனியொருவன் செய்தால் கருமி என்பர். ஓர் ஊரில் பத்துக் குடும்பம் சேர்ந்து செய்தால் வழக்கம் என்பர். அந்தப் பத்துப்பேரில் ஒருவனாக நிற்க அன்று எனக்குத் துணிவில்லை. அடுத்த மகள் திருமணத்துக்கு இருக்குமென்று எண்ணுகின்றேன்.

ஏற்கெனவே செய்து முடித்த பாதிப்பொருளைக் கடையில் வாங்கி, மேலே ஒரு பொட்டு வைத்து 'வீட்டில் செய்தது' என்று காட்டிக்கொள்ளும் வேலையும் இப்போது நடக்கின்றது. அதைப் பற்றி எழுத இடம் வீண்.

பெருஞ்சித்திரனார் குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பியதும் தம் மனைவியிடம், இன்னார் என்று பாராமல், என்னையும் கேளாமல், எல்லார்க்கும் கொடு என்றார் (புறம் 163). என் தங்கை அப்பாட்டைப் படித்தவளல்லள். ஆயினும், பொருள்விளங்கா உருண்டை போய்ச் சேர்ந்த அன்று மாலையே தெருவில் ஐந்து வீட்டுக்குப் பங்கிட்டுவிட்டாள். பரணில் ஏறவில்லை.

வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்புவது நம் வழக்கமன்று. பொங்கல் கழிந்து ஒரு திங்களில் அந்தக் கோணற்பெட்டி எங்களுக்கே திரும்பி வந்தது. உள்ளே கொத்தவரை வற்றலும், ஒரு பொட்டலம் முருங்கை விதையும், அவள் மகன் செய்த ஓலைக் காற்றாடி ஒன்றும் இருந்தன. வழியிலே காற்றாடியின் முள் முறிந்துபோயிருந்தது. என் மகன் அன்றே உடைமரத்தடிக்குப் போய் ஐந்தாறு முள் ஒடித்துவந்து, எது சுழலும், எது சிக்கும் என்று ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தான். இவ்வாண்டுப் பெட்டிக்கான குருத்தோலை மாடியிற் காய்கின்றது. ஒரே அகலத்திற் கீறுவேன் என்று மகள் சொல்லியிருக்கின்றாள்.